திரைலோவின் மாடி விளக்கு

மின்சாரம் போனால் எங்கள் ஊரில் எல்லா வீடும் ஒன்றுபோலத்தான் இருட்டும். திரும்பி வரும்போதுதான் வித்தியாசம். மற்ற வீடுகளில் ஆள் இருக்கும் அறையில் வெளிச்சம் வரும். திரைலோ வீட்டு மாடியில், ஆற்றைப் பார்த்த ஜன்னலில், ஆளே இல்லாத அறையில் வெளிச்சம் வரும்.

அது திரைலோவின் அறை. அவர் பிப்ரவரியில் இறந்துவிட்டார்.

வீடு என்றால் சாதாரண வீடு இல்லை. வியன்னாவில் காலமெல்லாம் சுவர் பூசிச் சம்பாதித்த காசில் கட்டிய மூன்று மாடி. வாசலில் இரண்டு சிமென்ட் சிங்கங்கள். எங்கள் மலைச்சரிவு முழுக்க இப்படிப்பட்ட வீடுகள்தான். முன்னால் மாளிகை, பின்னால் கொல்லையில் ஒற்றை அறைச் சமையல்கட்டு. மாளிகை ஊர் பார்ப்பதற்கு. வாழ்வது சமையல்கட்டில். திரைலோ மட்டும் இதை ஒத்துக்கொள்ளவில்லை. "கட்டினவன் அதுல தூங்காம வேற யாரு தூங்குறது" என்று ஓய்வு பெற்று வந்தவுடன் மாடிக்குப் போய்விட்டார். மனைவி ஃபுளோரிகாவுக்கு முழங்கால் வலி. படியேற மாட்டேன் என்று சமையல்கட்டிலேயே அடுப்போடு தங்கிவிட்டாள். சாப்பாட்டுக்கு அவர் இறங்கி வருவார்.

அந்த வீட்டுக்குத் தொலைவிலிருந்தே உயிர் கொடுத்தவன் மகன் நோவிட்சா. வியன்னாவில் மனைவி ஸ்னேஷாவோடு இருந்தான், லிஃப்ட் பழுதுபார்க்கும் வேலை. ஒரு கோடை லீவில் வந்தவன் எல்லா அறைக்கும் புது பல்பு, ஹீட்டர், ஜன்னல் மறைப்பு, கேட்டுக்கு மோட்டார் என்று மாட்டி, எல்லாவற்றையும் கூடத்தில் ஒரு சின்ன வெள்ளைப் பெட்டியோடு சேர்த்து, பெட்டியைத் தன் போனோடு சேர்த்துவிட்டான். அங்கே உட்கார்ந்துகொண்டே தபால்காரனுக்குக் கேட்டைத் திறந்துவிடுவான். திறந்த கேட்டுக்கு முன்னால் தபால்காரன் சிலுவை போட்டுக்கொண்டு நிற்பதை ஊரே சொல்லிச் சிரித்தது.

திரைலோ இறந்த வருஷத்து இலையுதிர்காலத்தில் ஃபுளோரிகா கொல்லையில் பிளம் பழம் காய்ச்சிக்கொண்டிருந்தாள். செம்பு அண்டாவில் பழம் கறுத்துக் கொதித்தது. துடுப்பை விட்டால் அடிபிடிக்கும் என்பதால் அவளும் பக்கத்து வீட்டு யாங்குலும் மாறி மாறிக் கிண்டினார்கள். யாங்குலுக்குத் திரைலோ வயதுதான். பெண்டாட்டி இத்தாலிக்குக் கிழவர்களைப் பார்த்துக்கொள்ளும் வேலைக்குப் போனவள், திரும்பி வரவில்லை. வாய் மட்டும் குறையவில்லை.

மத்தியானம் காற்று எழுந்து கம்பிகளை ஆட்டியது. மின்சாரம் போயிற்று. பொழுது சாயும் நேரத்தில் வந்தது. மாடி ஜன்னல் மஞ்சளாகத் திறந்துகொண்டது.

ஃபுளோரிகாவின் துடுப்பு நின்றது.

"கிண்டு தாயி, கருகிடும்" என்றார் யாங்குல்.

அவள் துடுப்பை அவர் கையில் கொடுத்துவிட்டு போனை எடுத்தாள்.

"நோவிட்சா, அப்பா ரூம்ல வெளக்கு எரியுதுடா."

"இரும்மா, பாக்கறேன்." எதையோ தட்டும் சத்தம். "இல்லம்மா. அணைஞ்சிருக்கு."

"எரியுது."

"நான் பாத்துக்கிட்டேதான இருக்கேன். அணைஞ்சிருக்கும்மா."

"நீ எதப் பாக்குற?"

"போனை."

"நான் ஜன்னலைப் பாக்குறேன்."

மகன் பெருமூச்சு விட்டான். அணைந்திருப்பதாகப் போன் சொல்லும் விளக்கை அணைக்க வேண்டுமானால், முதலில் 'எரி' என்று ஒரு தரம் அழுத்தி, பிறகு 'அணை' என்று அழுத்த வேண்டும். அழுத்தினான். ஜன்னல் கறுத்தது.

"போச்சா?"

"போச்சு. பாவம்டா, ஏன் அணைச்ச?"

"நீதானம்மா எரியுதுன்னு கூப்ட்ட."

"எரியுதுன்னு சொன்னேன். அணைன்னு சொன்னேனா?"

யாங்குல் அண்டாவைப் பார்த்தபடியே கிண்டினார். வழக்கமாக இந்த இடத்தில் ஒரு நக்கல் வரும். வரவில்லை.

அந்த விளக்கைப் பற்றிக் கடையில் பெண்கள் பேசத் தொடங்கி மாதக்கணக்காகிவிட்டது. எங்கள் பக்கம் சாகிறவர் கையில் எரியும் மெழுகுவர்த்தி இருக்க வேண்டும். அந்த ஒரு வெளிச்சம்தான் அந்தப் பக்கம் கூட வரும். இல்லாமல் போனவர் அங்கே இருட்டில் தட்டுத்தடுமாறுவார். பிறகு வெளிச்சம் கேட்டு வருவார். இது குழந்தைக்கும் தெரியும்.

"திரைலோ கையில மெழுகுவர்த்தி இருந்துச்சுல்ல?" என்று ரொட்டி வாங்க வந்த இடத்தில் ஸ்தானிகா கேட்டாள். சாதாரணமாகக் கேட்பதுபோலத்தான் கேட்டாள்.

"இருந்துச்சு" என்றாள் ஃபுளோரிகா.

"அப்ப சரி. என்னமோ, வெளக்கு எரியுதேன்னு கேட்டேன்."

"பையன் மாட்டின மெஷின் கோளாறு."

"ஆமா ஆமா, மெஷின்தான்" என்றாள் ஸ்தானிகா, மற்றவர்களைப் பார்த்துக்கொண்டு.

இறந்தவருக்காகப் போடும் பந்தியை நாங்கள் பொமானா என்போம். நாற்பதாம் நாள், ஆறாம் மாதம், வருஷம். அந்தந்தப் பந்தியில் அவர் பேரைச் சொல்லி உயிரோடிருப்பவர் கையில் எதைக் கொடுக்கிறோமோ அது அவருக்குப் போய்ச் சேரும். மற்றவர்கள் ரொட்டியும் பன்றிக்கறியும் கொடுப்பார்கள். ஃபுளோரிகா வந்த ஒவ்வொருவர் கையிலும் மெழுகுவர்த்திக் கட்டைத் திணித்தாள். யாங்குலுக்கு ஒரு பெட்டியே போயிற்று. "மெழுகு யாவாரம் பண்ணலாம் போல" என்று அவர் சொன்னதற்கு யாரும் சிரிக்கவில்லை.

வருஷப் பொமானா முடிந்தால் கறுப்புத் துணியைக் கழற்றலாம். அதற்குப் பிறகு அம்மாவை வியன்னாவுக்குக் கூட்டிப் போவதாக நோவிட்சா ஏற்பாடு செய்திருந்தான். அங்கே தன் வீட்டில் அவளுக்கென்று ஓர் அறையைக்கூடக் காலி பண்ணிவிட்டான். ஃபுளோரிகா ஒரே பதில்தான் சொன்னாள்.

"அவரு வெளக்குப் போட்டுக்கிட்டு இருக்கிற வரைக்கும் நான் வர மாட்டேன்."

பிப்ரவரியில் நோவிட்சா வந்தான். பைக்குள் துணியைவிடக் கம்பிகளும் கருவிகளும் அதிகம் இருந்தன. காரைவிட்டு இறங்கியதும் அம்மாவை முற்றத்தில் நிற்க வைத்தான். யாங்குல் அங்கே பந்திக்கு விறகு பிளந்துகொண்டிருந்தார்.

"இப்ப நான் உள்ள போய் மெயின் ஸ்விட்சை அணைப்பேன். திரும்பப் போடுவேன். நீ ஜன்னலை மட்டும் பாரு."

போனான். வீடு முழுக்க அணைந்தது. பிறகு 'டக்' என்று ஒரு சத்தம். மாடி விளக்கு எரிந்தது. மறுபடி அணைத்துப் போட்டான். மறுபடி எரிந்தது. இன்னொரு தரமும் அப்படியே. வெற்றியோடு வெளியே வந்தான்.

"பாத்தியா? பேயுமில்ல, ஆவியுமில்ல. அந்த பல்போட குணம் அது. கரண்ட் வந்தா எரியும். மத்த ரூம்ல சுவத்து ஸ்விட்சை அணைச்சு வெச்சிருக்க, இங்க மட்டும் அது போட்டபடியே கெடக்கு. வெளிய வர்றப்பவே கம்பெனிக்காரன் அப்படி வெச்சு அனுப்புறான்."

"அப்ப உன் போன் ஏன் அணைஞ்சிருக்குன்னு சொல்லுது?"

"பல்பு சட்டுனு முழிச்சுக்கும்மா. அந்த வெள்ளைப் பெட்டி முழிக்க நேரமாகும், அதுக்கு இன்டர்நெட் வேற வரணும். முழிச்ச பெட்டி, பல்பு இப்ப எப்படி இருக்குன்னு திரும்பக் கேக்கறதில்ல. கடைசியாத் தெரிஞ்சதையே பிடிச்சுக்கிட்டு உக்காந்திருக்கும். எனக்கும் அதையே காட்டும்."

"கேக்கறதே இல்லியா?"

"இல்ல."

யாங்குல் கோடாலியை ஊன்றி நிமிர்ந்தார். "அது பெட்டி. நம்மளே எங்க கேக்குறோம் மாப்ளே."

ஃபுளோரிகா ஜன்னலைப் பார்த்துக்கொண்டே நின்றாள். "எத்தன தரம் போட்டாலும் எரியிறாரு பாரு" என்றாள் மெதுவாக.

நோவிட்சாவுக்குக் கோபம் வந்தது. காட்டிக்கொள்ளவில்லை. படியேறிப் போய், கட்டிலில் உட்கார்ந்து, போனில் எதையோ மாற்றினான். இனிமேல் மின்சாரம் போவதற்கு முன் விளக்கு எப்படி இருந்ததோ, வந்த பிறகும் அப்படியே இருக்கும். அணைந்திருந்தால் அணைந்தே கிடக்கும். அம்மாவிடம் சொல்லவில்லை. தானாகப் பார்த்துத் தெளியட்டும் என்று விட்டுவிட்டான்.

பொமானாவுக்கு முந்தின நாள் ஈரப் பனி கொட்டியது. கனமான, ஒட்டிக்கொள்ளும் பனி. பிளம் மரக் கிளைகள் முறியும் சத்தம் தோட்டத்திலிருந்து கேட்டுக்கொண்டே இருந்தது. மத்தியானம் மின்சாரம் போயிற்று. சமையல் நிற்கவில்லை, எல்லாம் விறகடுப்புதான். ஃபுளோரிகா பீன்ஸ் வெந்த பதம் பார்த்தாள், முட்டைக்கோஸ் இலையில் கறியை வைத்துச் சுருட்டினாள், கோதுமையை வேக வைத்துச் சர்க்கரை கலந்து மேட்டாகக் குவித்தாள். நோவிட்சா வெங்காயம் உரித்தான். யாங்குல் ராக்கியா என்கிற பிளம் சாராயத்தைச் சுட வைத்துக் குடித்துக்கொண்டு ரொட்டி வெந்ததா என்று தட்டிப் பார்ப்பதுபோல் பாவனை செய்தார்.

"அத நாப்பது தரம் தட்டிட்ட யாங்குலு. குழிஞ்சு போச்சு."

"உள்ள யாராவது இருக்காங்களான்னு கேட்டேன்."

இருட்டத் தொடங்கும்போது மின்சாரம் வந்தது. சமையல்கட்டு பல்பு எரிந்தது. கீழ்த்தெருவில் வரிசையாக வெளிச்சம் விழுந்தது. நாய்கள் குரைத்தன. ஃபுளோரிகா கரண்டியோடு வாசலுக்கு வந்து அண்ணாந்து பார்த்தாள்.

மாடி ஜன்னல் கறுப்பாகவே இருந்தது.

"பாத்தியாம்மா" என்றான் நோவிட்சா பின்னாலிருந்து. குரலில் சந்தோஷம். "முடிஞ்சு போச்சு. நேத்தே மாத்திட்டேன்."

"என்ன மாத்தின?"

"இனிமே தானா எரியாது."

கரண்டி பனியில் விழுந்தது. விழுந்த சத்தமே கேட்கவில்லை.

"அடப்பாவி. அவருக்கு இருந்தது அது ஒண்ணுதான்டா. அதையும் பிடுங்கிட்டியா?"

"அம்மா, அது பல்பும்மா."

"எனக்குத் தெரியும் பல்புன்னு. என்ன பைத்தியம்னு நெனச்சியா?" அவள் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டாள். "மெழுகுவர்த்தி இல்லடா."

"என்னது?"

"அன்னைக்கு. உங்கப்பா கையில மெழுகுவர்த்தி இல்ல. இதே மாதிரிப் பனி. இதே மாதிரி மத்தியானத்துலேருந்து கரண்ட் இல்ல, போனும் இல்ல. சாப்பிட வரலையேன்னு மேல போனா மூச்சு இழுத்துக்கிட்டிருக்காரு. ஒரே இருட்டு. வீடு முழுக்க வெளக்கு மாட்டி வெச்ச நீ. ரூமுக்கு ரூம், படிக்குப் படி. ஒரு மெழுகுவர்த்தி இல்ல வீட்டுல. எங்க தேடுறதுன்னுகூடத் தெரியல, தேடவே வெளிச்சம் வேணுமே. யாங்குலு வீட்டுக்கு ஓடினேன். வாங்கிட்டு வர்றதுக்குள்ள போயிட்டாரு. உயிர் போன கையிலதான் வெச்சேன். வெச்சிட்டு ஊருக்கெல்லாம் இருந்துச்சுன்னு சொன்னேன்."

அடுப்பில் பீன்ஸ் கொதித்துக்கொண்டிருந்தது.

நோவிட்சா முற்றத்துப் பலகையில் பனியோடு உட்கார்ந்தான்.

"அன்னைக்குச் சாயங்காலம் நான் போனைப் பாத்தேம்மா. வேலை விட்டு ட்ராம்ல வர்றப்போ. கூப்பிடலாம்னுதான் எடுத்தேன். அப்பா அறை, வெளக்கு எரியுது, ஹீட்டர் இருபத்து மூணு டிகிரின்னு காட்டுச்சு. சரி, கதகதன்னு உக்காந்து டிவி பாத்துக்கிட்டிருக்காருன்னு நெனச்சேன். ஸ்னேஷாகிட்டகூடச் சொன்னேன், அப்பா சௌக்கியமா இருக்காருன்னு. கூப்பிடாம போனைப் பைக்குள்ள வெச்சுட்டேன்."

"அப்ப கரண்டே இல்லியேடா."

"இல்லதான். காலையில இருந்ததையே காட்டிக்கிட்டிருந்திருக்கு. மறுநாள் நீ கூப்பிட்டுச் சொல்றப்பகூட அது எரியுதுன்னுதான் காட்டுச்சு."

அவன் கண்ணீரைத் துடைத்துக்கொள்ளவில்லை. ஃபுளோரிகாவும் அவனைத் தொடவில்லை. யாங்குல்தான் போய்ப் பனியிலிருந்து கரண்டியைப் பொறுக்கி, சட்டையில் துடைத்து, அவள் கையில் கொடுத்தார்.

"அடிபிடிக்குது, போய்ப் பாரு."

"யாங்குலு, நீ அன்னைக்கு..."

"உன் பின்னாலயே வந்தேன். நீ பனியில விழுந்துடுவியோன்னு. கதவுகிட்ட நின்னேன்."

"பாத்தியா?"

"பாத்தேன்."

"வருஷம் பூரா வாயைத் திறக்கலியே நீ."

"என் வாய்க்கு அது ஒரு பெரிய வேலைதான்" என்றார் யாங்குல்.

மறுநாள் பந்தியில் மேசை முற்றத்தை அடைத்து நின்றது. வாத்தியக்காரர்கள் குளிரில் விரலைத் தேய்த்துக்கொண்டு நின்றார்கள். எங்கள் வழக்கப்படி இறந்தவர் வயதுள்ள ஒருவருக்குப் புதுத் துணி உடுத்தி, அவர் இடத்தில், மேசைத் தலைமாட்டில் உட்கார வைப்பார்கள். யாங்குல் திரைலோவுக்கு வாங்கிய புதுக் கோட்டில் உட்கார்ந்திருந்தார். தோள்பட்டை பெரிதாக இருந்தது. ஃபுளோரிகா ஒவ்வொன்றாக அவர் கையில் கொடுத்தாள்.

"ரொட்டி, திரைலோவுக்கு முன்னால இருக்கட்டும்."

"இருக்கட்டும்."

"தண்ணி, திரைலோவுக்கு முன்னால இருக்கட்டும்."

"இருக்கட்டும்."

தொப்பி, சட்டை, துண்டு, மெழுகுவர்த்தி எல்லாம் ஆயிற்று. யாங்குல் நீட்டிய கையை எடுக்கவில்லை.

"இன்னொண்ணு பாக்கி இருக்கு" என்றார்.

"என்ன?"

"மாடியில இருக்கிற பல்பு."

மேசையில் சலசலப்பு. ஸ்தானிகா ரொட்டியை மென்றபடி, "பல்ப யாராச்சும் பொமானாவுல குடுப்பாங்களா யாங்குலு? குடிச்சிட்டியா?" என்றாள்.

"குடிச்சிருக்கேன். அதுக்கும் இதுக்கும் சம்பந்தமில்ல. வருஷம் பூரா அந்த வெளக்கு எரியுது எரியுதுன்னு கடையில நின்னு பேசினது நீங்கதான? அவனுக்கு வேணும்னா எது வேணும்? தெனம் என் கையால போடுறேன். எனக்கு எரிஞ்சா அவனுக்கு எரிஞ்ச மாதிரிதான, வழக்கம் அதான?"

ஸ்தானிகா அடுத்த வாய் ரொட்டியைக் கடித்தாள். வழக்கம் அதுதான்.

நோவிட்சா எழுந்தான். அம்மா அவன் தோளைப் பிடித்து உட்கார வைத்தாள். அவளே போனாள். வருஷம் முழுக்க அந்தப் படியில் கால் வைக்காதவள், கைப்பிடியைப் பிடித்துப் பிடித்து ஏறும் சத்தம் கீழே கேட்டது. வாத்தியக்காரன் ஒருவன் ஊத ஆரம்பித்தான். பக்கத்தில் இருந்தவன் அவன் கையைத் தட்டினான். அவள் நெடுநேரம் மேலேயே இருந்தாள். இறங்கி வந்தபோது இடுப்பு ஏப்ரனில் சுற்றிய பல்பு கையில் இருந்தது.

"வெளக்கு" என்றாள். "திரைலோவுக்கு முன்னால இருக்கட்டும்."

"இருக்கட்டும்" என்றார் யாங்குல்.

பிறகு வாத்தியம் முழங்கியது. பனியை மிதித்து ஆட்டம் நடந்தது. மாலையில் நோவிட்சா அதை யாங்குல் சமையலறையில் மாட்டினான். வேலிக்கு அந்தப் பக்கம்தான் வீடு, வெள்ளைப் பெட்டிக்கு எட்டும்.

"மாமா, கரண்ட் போய் வந்தா எப்படி இருக்கணும்? அணைஞ்சேவா?"

"பழையபடி வை. தானா எரியட்டும். எந்திரிச்சுப் போய்ப் போட எனக்கு உடம்பு வணங்காது."

போனில் அதன் பேர் 'அப்பா அறை' என்றே இருந்தது. மாற்றட்டுமா என்று அவன் கேட்கவில்லை. யாரும் சொல்லவும் இல்லை.

ஃபுளோரிகா அந்த வசந்தத்தில் வியன்னாவுக்குப் போனாள். கறுப்பைக் கழற்றிச் சாம்பல் நிறம் உடுத்தினாள். அங்கே இருந்த சமையலறை அவளுக்குச் சிறிது. மாமலிகாச் சோளக்களி கிண்டினால் கை சுவரில் இடிக்கிறது என்று யாங்குலிடம் போனில் குறைப்பட்டுக்கொள்வாள். நோவிட்சா ஒரு பழக்கம் வைத்துக்கொண்டான். தினமும் மாலை போனைப் பார்ப்பான். 'அப்பா அறை: எரிகிறது' என்று இருக்கும். பார்த்துவிட்டு யாங்குலைக் கூப்பிடுவான்.

"எரியுதுன்னு உன் போன்லயே தெரியுதில்ல, அப்புறம் என்னடா நச்சு?" என்பார் யாங்குல்.

"சும்மாதான் மாமா. சாப்பிட்டீங்களா?"

"உங்கம்மா சமைச்ச மாதிரி சாப்பிட்டேன். கொஞ்சமா, உப்பில்லாம."

குளிர்காலம் தொடங்கிய ஒரு மாலை. 'அப்பா அறை: எரிகிறது.' நோவிட்சா அம்மாவின் போனை எடுத்து யாங்குலைக் கூப்பிட்டான். மணி அடித்துக்கொண்டே இருந்தது. கடைசியில் எடுத்தார். மூச்சு வாங்கியது.

"இருடா, சுவரைப் பிடிச்சு நடந்து வந்தேன். இருட்டு."

"இருட்டா? வெளக்கு?"

"எந்த வெளக்கு? காலையிலேருந்து கரண்ட் இல்ல. பனி, இடுப்பளவு. நெஞ்சு கொஞ்சம் பிடிச்ச மாதிரி இருக்கு, ஒண்ணுமில்ல, விறகு தூக்கினேன்."

நோவிட்சா தன் போனைப் பார்த்தான். எரிகிறது என்றது. எழுந்து கோட்டைத் தேடியபடி, ஊரில் யாரிடம் டிராக்டர் இருக்கிறது, யார் டாக்டரைக் கொண்டுவர முடியும் என்று தன் போனில் ஒவ்வொரு எண்ணாக அடித்தான். ஃபுளோரிகா தன் போனை வாங்கிக்கொண்டாள். சத்தத்தை உயர்த்தி மேசை மேல் வைத்து, முன்னால் உட்கார்ந்தாள்.

"யாங்குலு, மெழுகுவர்த்தி இருக்கா?"

"நீ குடுத்ததே கெடக்கு ஒரு பெட்டி."

"ஏத்து."

தீப்பெட்டி உரசியது. முதல் குச்சி அணைந்தது. இரண்டாவது பிடித்தது.

"ஏத்திட்டேன்."

"கையில பிடி."

"நான் என்ன போறேன்னா கையில பிடிக்க? மேசை இருக்கு."

"பிடி யாங்குலு."

"சரி. பிடிச்சாச்சு."

பக்கத்து அறையில் நோவிட்சா உரக்கப் பேசும் சத்தம். ஸ்தானிகாவின் மருமகன் டிராக்டரை எடுக்கிறானாம், ஆட்கள் வருகிறார்களாம். ஃபுளோரிகா நாற்காலியை இன்னும் முன்னால் இழுத்துக்கொண்டாள்.

"என்ன செய்யிற?"

"என்னத்தச் செய்ய? எல்லாக் கல்யாணத்துலயும் பாதிரியார் மெழுகுவர்த்தியோட நிக்கிற மாதிரி நிக்கிறேன்."

"உக்காந்து நில்லு."

நாற்காலி இழுபடும் சத்தம். அவருடைய மூச்சு மட்டும் மேசை மேல் ஏறி இறங்கியது.

"ஃபுளோரிகா."

"இங்கதான் இருக்கேன்."

"மெழுகு கையில ஒழுகுது."

"சுடுதா?"

"சுடாம? நல்லாச் சுடுது."

"அப்ப சரி" என்றாள் ஃபுளோரிகா. "பேசிக்கிட்டே இரு."